வெளியே போன பதிவு இல்லை

மாலை ஐந்தரை மணிக்கு அந்தக் குடியிருப்பின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது உள்ளே போகப் பூதக்கண்ணாடிக்கு மனமே இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் மூன்று முறை போனில் அழைத்துவிட்டார். இதற்கு மேலும் தட்டிக்கழித்தால் சந்தேகம் வரும் என்றுதான் வந்திருந்தார்.

பூதக்கண்ணாடி என்பது தொழில் கொடுத்த பட்டப்பெயர். கண்காணிப்புக் கேமரா பொருத்துவதும், களவு போன இடத்தில் பதிவைப் போட்டுப் பார்த்துத் திருடனின் முகத்தையோ வண்டி எண்ணையோ எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. மற்றவர்கள் கண்ணுக்குச் சாம்பல் கறையாகத் தெரிவதை அவர் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, நான்கு எண்களாக வாசித்துவிடுவார். "தெரியல" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"வாங்கண்ணே," என்று காவலாளி கேட்டைத் திறந்தார். சிரிப்பில்லை. அவருடைய கூண்டுக்குள், சுவரில், அந்தப் படம் இன்னும் ஒட்டியிருந்தது. நைந்துபோன தாளில் ஒரு மனிதர், தோளில் கருவிப்பை, பாதி திரும்பிய முகம். கீழே சிவப்பு எழுத்தில்: 'இவனை உள்ளே விடாதீர்கள்.'

"இதை இன்னும் எடுக்கலையா?"

"செயலாளர் சொன்னாத்தான் எடுக்கணும். படத்துல இருக்கிறவர் வீட்டம்மா மாசாமாசம் வந்து, இதை எடுங்க, புருஷன் திருடனில்லைன்னு எழுதிக் கொடுங்கன்னு கேட்டுட்டுப் போகுது. திருடன் பொண்டாட்டின்னு ஒரு வீட்டுலயும் வேலை தர மாட்டேங்கிறாங்களாம். நான் என்னண்ணே செய்ய முடியும்?"

படத்தில் இருப்பவர் ஒரு குழாய்க்காரர். இரண்டு வருடம் முன்பு ஒரு சாயங்காலம், கீழ்த்தளத்து டாக்டரம்மா வீட்டில் நகைப்பெட்டி காணாமல் போனது. அப்போது வாசலில் இருந்தது ஒரே ஒரு பொதுக் கேமரா. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு அது மாறுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் திருடனின் பைக் வெளியே போயிருக்கிறது. அந்த நிமிடத்தில் எந்தக் கேமராவுக்கும் கண் கலங்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நாலு, தெரியாத ஓர் எண், ஒன்று, ஏழு. இரண்டாவது எண் மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

சுற்றிப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூதக்கண்ணாடி, "எட்டு" என்றார்.

4817 குழாய்க்காரரின் வண்டி. அன்று அவர் மூன்றாம் மாடியில் ஒழுகல் பார்க்க வந்தது உண்மைதான். போலீஸ் மூன்று நாள் வைத்திருந்து, நகை கிடைக்காமல் விட்டுவிட்டது. பத்தாம் நாள் அவர் ஏரியில் மிதந்தார்.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் புதிதாக வாங்கிய பெரிய திரையில், சும்மா கை அரிப்புக்கு அந்தப் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தார் பூதக்கண்ணாடி. மூன்று. பச்சைப்பிள்ளைகூட வாசிக்கும், அப்படியொரு மூன்று. அன்றிலிருந்து அந்த உண்மையை மென்று விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பதிவு அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு திரை. கதவைத் திறந்ததும் ஈரச் சுவரின் வாடை முகத்தில் அடித்தது. வெளியே மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாற்காலியில் பூதக்கண்ணாடியை உட்காரவைத்துவிட்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் போல முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"அந்தக் களவுக்கு அப்புறம் நீங்க ஒரு நம்பர் கேமரா வச்சுக் கொடுத்தீங்களே, அதுல 4817ஐத் தடை போட்டு வச்சிருந்தோம். அது வந்தா என் போன் அலறும். பதினோரு நாளா தினம் சாயங்காலம் 6:42க்கு அலறுது!"

"வண்டியைப் பார்த்தீங்களா சார்?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? அதான் உங்க மிஷின் பார்த்துடுச்சே. விசாரிச்சேன். வண்டி இப்ப அவன் மச்சான்கிட்ட இருக்காம். குடும்பத் தொழில் போல! ஸ்டேஷன்ல சொல்லிட்டேன், காலைல தூக்கிடுவாங்க. இது அதே நம்பர்தான்னு நீங்க ஒரு கடிதத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். மேல போய் அடிச்சு எடுத்துட்டு வர்றேன்."

அவர் மாடியேறிப் போனார். கதவருகில் காவலாளி நின்றார்.

"மச்சான் இந்தப் பக்கமே வர்றதில்லைண்ணே," என்றார் மெல்ல. "எந்த வண்டியும் வரல. நான் கேட்டுலயேதான் இருக்கேன்."

பூதக்கண்ணாடி பதிவுப் பட்டியலைத் திறந்தார். நம்பர் கேமரா வாசல் தூணில் இடுப்புயரத்தில் இருப்பது. வண்டியின் விளக்கு கண்ணைக் கூசவைக்காமலிருக்க, எண் பலகையைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகத் தெரியும்படி அவரே அமைத்தது. வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும்.

4817. உள்ளே வந்தது பதினோரு முறை.

வெளியே போன பதிவு இல்லை.

ஒருமுறைகூட இல்லை.

பொதுக் கேமராவில் அதே நேரத்தைப் போட்டுப் பார்த்தார். காலியான பாதை. மூடிய கேட். கூண்டுக்குள் கொட்டாவி விடும் காவலாளி. வேறொன்றும் இல்லை. பதினோரு நாளும் அப்படியே.

"உள்ள வந்தது எங்க போகுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

காவலாளி தரையைக் காட்டினார். "தினம் காலைல துடைக்கிறேண்ணே. கேட்டுலேர்ந்து ஒரே கோடு, டயர் தடம் மாதிரி. ஈரமா இருக்கும். இந்தக் கதவு வரைக்கும் வந்து நின்னுடும்."

மணி 6:40. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். ஆனால் இருபது வருடத் தொழில் பிடித்து உட்காரவைத்தது. நேரடிக் காட்சிக்கு மாற்றினார். இடப்பக்கம் பொதுக் கேமரா, வலப்பக்கம் நம்பர் கேமரா. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நிறங்கள் ஒவ்வொன்றாக வடிந்தன. இரண்டு படமும் ஒரே நொடியில் கறுப்புவெள்ளைக்கு மாறின.

இடப்பக்கம் காலியான பாதை.

வலப்பக்கம் இருட்டில், இடுப்புயரத்தில், ஒரு வெள்ளைப் பலகை வந்தது.

வண்டி இல்லை. ஆள் இல்லை. எண் பலகை மட்டும் மெதுவாக, யாரோ இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவது போல லேசாக ஆடி ஆடி வந்தது. எந்த வண்டியும் அந்தப் படச் சட்டத்தை அரை நொடியில் கடந்துவிடும். இது கேமராவுக்கு நேராக வந்து நின்றது. நன்றாகப் பார்த்துக்கொள் என்று காட்டுவது போல நின்றது.

4817.

எட்டின் இரண்டு வட்டமும் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு நகர்ந்து சட்டத்தை விட்டுப் போனது. பட்டியலில் பன்னிரண்டாவது வரி ஏறியது.

"கேட்டு மூடித்தான் இருக்கு," என்று காவலாளி கிசுகிசுத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். ஒரு சொட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு சொட்டு, சற்றுக் கிட்டத்தில்.

காவலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கதவிடுக்கின் வழியே ஈரம் உள்ளே வந்தது. இரண்டு விரல் அகலம், நேர்கோடாக. மேஜையைச் சுற்றி வளைந்து வந்து, பூதக்கண்ணாடியின் காலணிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. ஏரிப்பாசியின் வாடை அறையை நிறைத்தது. அவருக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது பிடரியில் பட்டது. திரையை உற்றுப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பின்னால் குனிந்து நிற்பார்கள்.

அவர் திரும்பவில்லை.

"அண்ணே," என்றார் காவலாளி. "களவு போன அன்னிக்குக் குழாய்க்காரர் என்கிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்பினார். அப்ப வெளிச்சம் நல்லா இருந்துச்சு. நான் சொன்னேன், காவக்காரன் பேச்சு எங்க ஏறும்? அது எட்டு இல்லைதானே? சொல்லிடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிடரியில் பட்ட மூச்சு நின்றது. செயலாளர் கடிதத்தோடு உள்ளே வந்தார்.

"என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? ஐயையோ, தரையெல்லாம் தண்ணி! எங்கயோ ஒழுகுது. ஒரு குழாய்க்காரனைக் கூப்பிடணும்."

கடிதத்தை மேஜையில் வைத்துப் பேனாவையும் நீட்டினார்.

பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார். மூன்று என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். சொன்னால் படம் இறங்கும், கணவர் திருடனில்லை என்று அந்தப் பெண்மணிக்கு எழுதிய ஒரு தாள் கிடைக்கும். ஆனால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? ஒரு உயிரைத் தின்ற கண் என்று பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இனி எந்த வாசலில் போய்க் கேமரா மாட்டுவது?

"கையெழுத்து வேண்டாம் சார்," என்றார். "இது கேமராக் கோளாறு. தடைப் பட்டியல்ல இருக்கிற நம்பரையே தப்பாத் தூக்கிப் போடுது. வண்டி எதுவும் வரல. ஸ்டேஷனுக்கும் அப்படியே சொல்லிடுங்க. மச்சானை விட்டுடுங்க."

"அப்ப பழைய கேஸு?"

காவலாளி அவரையே பார்த்தார். சொட்டுச் சத்தமும் நின்றிருந்தது. அந்த அறையே காதைக் கொடுத்துக் காத்திருந்தது.

"அது வேற, இது வேற சார்," என்றார் பூதக்கண்ணாடி.

மச்சானைக் காப்பாற்றிவிட்டோம் என்று வெளியே வரும்போது தன்னைத் தேற்றிக்கொண்டார். மற்றதை இன்னொரு நாள், நிதானமாக, பக்குவமாகச் சொல்லலாம். கூண்டைக் கடக்கும்போது சுவர்ப்பக்கம் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார், போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் ஸ்கூட்டர் பின்பாரம் ஏறியது போல இழுத்து இழுத்துப் போனது. கண்ணாடியில் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

வீட்டுக்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தும்போது போன் அடித்தது. செயலாளர்.

"கெட்டிக்காரருய்யா நீங்க! என்ன செஞ்சீங்களோ, சரியாப் போச்சு. இப்பத்தான் பட்டியலைப் பார்த்தேன். 7:16க்கு உங்க ஸ்கூட்டர் வெளிய போகுது. அதே 7:16க்கு, உங்க பின்னாலயே 4817. வெளிய போன பதிவு இதுதான் முதல் தடவை. கோளாறு தீர்ந்துச்சுதானே?"

அவர் போனைத் துண்டித்தார். இருண்ட முற்றத்தைப் பார்த்துச் சொன்னார்:

"மூணு. அது மூணுதான். நான்தான் தப்பா வாசிச்சேன். என்னை மன்னிச்சுடுங்க."

கேட்க அங்கே யாரும் இல்லை. இரண்டு வருடம் கழித்து, ஆளில்லாத இடத்தில் சொன்னார்.

மாடி விளக்கு எரிந்தது. மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அங்க நின்னு யார்கிட்டப் பேசிட்டிருக்கீங்க? சீக்கிரம் மேல வாங்க. நீங்க கூட்டிட்டு வந்த குழாய்க்காரர் உங்களுக்கு முன்னாடியே ஏறி வந்துட்டார். ரொம்ப நல்ல மாதிரி. சமையலறை ஒழுகலை ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டார். தண்ணி வேணுமான்னு கேட்டேன், போதும் போதும்னுட்டார்."

அவர் அண்ணாந்து பார்த்தார். அவள் தொடர்ந்தாள்.

"உங்ககிட்ட ஏதோ எழுதி வாங்கணுமாம், அவர் வீட்டம்மாவுக்கு. எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை, இங்கயே இருந்து வாங்கிட்டுப் போறேங்கிறார். நம்ம கட்டில்ல உக்காந்திருக்கார்."