பன்னிரண்டு மணி நேர அக்கா

திரையில் இருந்தவள் பக்கத்தைத் திருப்பினாள்.

போர்வைக்குள் படுத்துக் கைபேசியில் அதைப் பார்த்தவள் திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். மேசைமுன் பச்சைச் சட்டையில் படித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். ஆனால் அது என்றோ எடுத்த நான்கு மணி நேரப் பதிவு. அதைத் தினமும் மூன்று முறை ஓட்டி, 'நேரலை' என்று போட்டதில், நாற்பதாயிரம் பேருக்கு அவள் 'பன்னிரண்டு மணி நேர அக்கா'. தினமும் ஒரே சட்டையா என்று கேட்டவர்களுக்கு, 'உடையில் நேரத்தை வீணாக்குவதில்லை' என்று பதில் போட்டது அறைத்தோழி. அதற்கு மட்டும் ஆறாயிரம் இதயம். பதிவு எடுத்த அன்றும் அக்கா புத்தகத்துக்குள் கைபேசியை ஒளித்து விரலால் தள்ளிக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

நாளை தேர்வு. இரண்டு முறை தோற்ற தாள். இந்த முறையும் போனால் பல்கலைக்கழகம் பெயரையே நீக்கிவிடும். "நீ படுடி, நான் எழுப்பறேன், சேர்ந்து படிக்கலாம்" என்று ஒரு வாரமாகச் சொல்லிவந்த தோழி, எதிர்க்கட்டிலில் முதுகைக் காட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், அந்தப் பதிவுல நான் பக்கம் திருப்பறேன்டி."

"படிக்கறவ திருப்பத்தான் செய்வா."

"நான் படிக்கலையே."

"நீ எங்க படிச்ச?"

மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாய்க் கசிய, ஈரத்துண்டின் புளித்த வாடை மின்விசிறியோடு சுற்றிச் சுற்றி வர, அதன் கறகறப்புக்கு அடியில், காகிதத்தில் பேனா ஊர்வதுபோல ஒரு சத்தம் மெல்லத் தெளிந்துகொண்டே வந்தது. தோழி பேனாவை மூடி வைத்துவிட்டாள். சத்தம் நிற்கவில்லை.

மேசைப் பக்கமிருந்து.

நாற்காலி காலி.

கைபேசி அதிர்ந்தது. அம்மா. விரல் படுமுன்பே அழைப்பு எடுக்கப்பட்டது.

"இப்பதான்டி என் பொண்ணு மாதிரி இருக்க. தினம் நீயா கூப்பிட்டுப் பேசறது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா."

அவள் அம்மாவிடம் பேசி இரண்டு மாதம்.

"படிச்சிட்டிருக்கேம்மா." அவள் குரல். காலி நாற்காலியிலிருந்து.

அம்மா என்று கத்தப் பார்த்தாள். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

"சும்மா இரு," என்றாள் தோழி, திரும்பாமலே. "எனக்குத் தினம் அவதான் பாடம் சொல்லித் தரா. ஹால் டிக்கெட்டையும் அவகிட்டயே குடுத்துட்டேன். உன்ன எழுப்பி என்ன ஆகப்போகுது?"

திரை மறுபடி நேரலைக்கு வந்தது. மேசை. பச்சைச் சட்டை. பின்னால், அவள் இப்போது படுத்திருக்கும் கட்டில். மடித்த போர்வை. தட்டி வைத்த தலையணை.

கட்டிலில் யாருமில்லை.

கீழே ஒருவர் கேட்டிருந்தார்: 'அக்கா, அந்தக் கட்டில் யாருது?'

தோழியின் விரல்கள் தட்டும் ஓசை. பதில் வந்தது.

'யாருதும் இல்ல. அக்கா தூங்கறதே இல்ல.'

காலிக் கட்டிலின்மேல் இதயங்கள் ஒவ்வொன்றாக மிதந்து ஏறின.