இரண்டாவது மெத்தை

"காலங்காத்தால தொந்தரவு குடுக்கறேன், மன்னிச்சுக்கணும்மா" என்று காகிதக் கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

மினெகோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கணவர் ஹெய்சுகே, பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். விடுதியின் முதலாளியம்மா கனாயே கதவை நகர்த்திவிட்டு வாசலிலேயே மண்டியிட்டாள்.

எட்டே அறைகள் கொண்ட விடுதி அது. வெந்நீர் ஊற்றுகளின் ஆவியும் மூடுபனியும் கலந்து ஒவ்வோர் அறையையும் தனித் தீவாக்கியிருந்தன. விடுதிக்கு வடக்கே இருந்த மலை இரண்டு நாட்களாகக் கண்ணில் படவில்லை. எப்போதாவது ஒரு தேவதாரு மரம் தன் பனியை உதிர்ப்பதும் தூக்கத்தில் கேட்பதுபோலத்தான் கேட்டது.

"மூணாவது ரூம்ல ஒரு பொருள் காணாமப் போச்சும்மா" என்றாள் கனாயே. "ஹனாவா ஐயாவோட சம்சாரம் இடுப்புக் கச்சையில கோத்துக்கற வெள்ளி வில்லை. அந்தம்மா செத்து மூணு வருஷம் ஆகுது. ராத்திரி மாடத்துல வெச்சிருக்காரு. சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா இல்ல. நடுவுல உள்ள போனது மெத்தை எடுக்கற தோமியே மட்டுந்தான்."

"போலீஸ்?" என்றார் ஹெய்சுகே ஆவலாக.

"வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. தோமியேவ பன்னெண்டு மணி பஸ்ல ஏத்தி அனுப்பிடப் போறேன். மனசு கேக்கல, அதான் உங்ககிட்ட வந்தேன். பதினோரு வருஷமா இருக்கா. இங்கிருந்து இப்படிப் போனா இந்தப் பள்ளத்தாக்குல வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க."

மினெகோ முப்பது வருடம் ஒரு காவல் நிலையத்தில் தொலைந்த பொருட்களுக்கான மேசையில் வேலை பார்த்தவள். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஹெய்சுகேவோ, துப்பறியும் கதை படித்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவர்.

"தோமியே என்ன சொல்றா?"

"'மெத்தைய எடுத்தேன், வேற எதையும் தொடல'ங்கறா. மேல கேட்டா தலையக் குனிஞ்சுக்கறா. வேலையும் இன்னிக்கு ஒண்ணும் ஒழுங்கா இல்லம்மா. தலமாட்டுல வைக்கற தண்ணித் தட்டு எப்பவும் ஆத்துப் பக்கமா இருக்கணும், மலைப் பக்கச் சுவரோரமாக் கிடந்துச்சு. இருக்கறது ஒத்த ஆளு, ரெண்டு பருத்தி அங்கியும் அழுக்குக்குப் போயிருக்கு. துணிய சலவைக்காரியம்மா கையில குடுக்காம, தானே சுருட்டிக் கூடையில போட்டிருக்கா."

"ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு அங்கி?"

"வருஷா வருஷம் ரெண்டு பேருக்குன்னு சொல்லித்தான் வருவாரு. ரெண்டு மெத்தை போடுவோம், ரெண்டு அங்கி வைப்போம். ரெண்டாவது மடிப்புக் கலையாம அப்படியே திரும்பும்."

மினெகோ எழுந்தாள். "சலவை வண்டி எப்ப வரும்?"

"பதினொண்ணுக்கு."

"வந்தா நிறுத்தி வைங்க. அந்தக் கூடைய யாரும் தொடக் கூடாது."

"கூடையில ஒளிச்சு வெச்சிருக்காளா!" ஹெய்சுகே துள்ளினார்.

"பழத்தத் தின்னுட்டு வாங்க."

மூன்றாவது அறையில் ஹனாவா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சவரம் செய்திருந்தும் முகம் தூங்கி எழாததுபோல் இருந்தது.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமெல்லாம் இல்லம்மா. வில்லை கிடைச்சாப் போதும்" என்றார்.

"காலையில எந்திரிச்சதும் மாடத்தப் பார்த்தீங்களா?"

"இல்ல. நான் கண்ணு முழிச்சது இந்த அறையிலயே இல்ல. அந்தக் கண்ணாடித் தாழ்வாரத்து நாற்காலியில. நடுவுல காகிதக் கதவு சாத்தியிருந்துச்சு. அப்படியே தாழ்வாரத்துப் படி வழியா இறங்கிக் குளிச்சிட்டு சாப்பிடப் போயிட்டேன்."

"ராத்திரி அங்கயா உட்கார்ந்தீங்க?"

"மெத்தையிலதான் படுத்தேன். எப்ப எந்திரிச்சுப் போனேன்னு ஞாபகம் இல்ல. தூக்க மாத்திரை போட்டுக்கறது உண்டு." கொஞ்சம் தயங்கினார். "கனவுல அவ வந்தா. கை சில்லுன்னு இருந்துச்சு. 'எல்லாரும் வந்துருவாங்க, சீக்கிரம்'னு சொல்லிக்கிட்டே நான்தான் என்னமோ பரபரன்னு பண்ணிக்கிட்டிருந்தேன். என்னன்னு நினைவில்ல."

"அவங்க தவறினப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"வேலை விஷயமா வடக்க போயிருந்தேன். பனியில ரயில் நின்னு போச்சு. மூணு நாள். நான் வீட்டுக்குள்ள நுழையறப்போ, எரிச்சு முடிச்ச எலும்புப் பெட்டிதான் இருந்துச்சு. எல்லாத்தையும் அக்கம்பக்கத்துக்காரங்களே செஞ்சு முடிச்சிட்டாங்க."

வாசலில் ஹெய்சுகே முழங்காலிட்டுக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மினெகோ, இங்க பாரு! வாசப்படியில பனித் துகள். எவனோ வெளியிலேர்ந்து வந்திருக்கான்!"

"அடுப்பு எரியற அறையில பனி உருகாம இருக்குமாங்க? நக்கிப் பாருங்க."

அவர் விரலை நாக்கில் வைத்து முகம் சுளித்தார். "உப்பு."

மினெகோ முன்வாசலுக்கு நடந்தாள். அங்கே தோமியே தன் பையைக் காலடியில் வைத்து, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். காலணியைக்கூட மாற்றிவிட்டாள்.

"பார்த்ததச் சொன்னா பஸ் ஏற வேண்டாம் தோமியே. தெரியும்ல?"

"தெரியும்மா."

"சொல்ல மாட்டே?"

"விருந்தாளியோட படுக்கையப் பத்தி வெளிய பேசற வாய் இந்த வேலைக்கு ஆகாதும்மா. அதச் சொல்லிக் குடுத்ததே முதலாளியம்மாதான்."

"சரி. நீ பேச வேணாம். நான் பேசறேன், வந்து உட்காரு."

பதினொன்றரை மணிக்கு ஐந்து பேரும் மூன்றாவது அறையில் உட்கார்ந்தார்கள். நடுவில் சலவைக் கூடை. வெளியே மூடுபனி கண்ணாடியில் சாய்ந்து கேட்பதுபோல் நின்றது.

"என் மேசைக்கு வந்த பொருள்ல முக்காவாசி யாரும் திருடினது இல்ல" என்று ஆரம்பித்தாள் மினெகோ. "எங்கயோ வெச்சதுதான். வெச்ச கைக்கு ஒரு காரணம் இருக்கும். முதல்ல தண்ணித் தட்டு. அது தலையணை இருக்கற பக்கம்தான் இருக்கும். மலைப் பக்கச் சுவருக்குப் போகணும்னா, தலையணையும் அங்க போயிருக்கணும். முதலாளியம்மா, அந்த மலை எந்தத் திசை?"

கனாயேவின் முகம் வெளுத்தது. "வடக்கு... ஐயையோ, எங்க ஆளுங்க வடக்க தலைவெச்சு மெத்தை போடவே மாட்டாங்கம்மா!"

"போட மாட்டாங்க. செத்தவங்களத்தான் அப்படிப் படுக்க வைப்போம். அப்ப திருப்பிப் போட்டது தோமியே இல்ல. ராத்திரி இந்த அறையில இருந்தவர்."

ஹனாவா நிமிர்ந்தார். "நானா?"

"எந்த மெத்தைய?" என்று ஹெய்சுகே இடையில் புகுந்தார்.

"ரெண்டாவத. வருஷா வருஷம் கலையாம இருக்கற அங்கி இன்னிக்கு அழுக்குக் கூடையில இருக்கு. அத யாருக்கோ உடுத்தியிருக்காங்க. ஐயா, 'எல்லாரும் வந்துருவாங்க, சீக்கிரம்'னு நீங்க பரபரத்தது அதுக்குத்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி செய்ய முடியாதத நேத்து உங்க கை தூக்கத்துலயே செஞ்சிருக்கு. அப்புறம் தாழ்வாரத்துல உட்கார்ந்து ராத்திரி பூரா காவல் இருந்திருக்கீங்க."

ஹனாவா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"காலையில தோமியே போர்வைய விலக்கினா. மெத்தையில, பிணத்துக்குக் கட்டற மாதிரி மடிச்ச அங்கி. பயந்து போய், சரியாப் பார்க்காம, விரிப்போட சேத்து அப்படியே சுருட்டினா. இன்னொருத்தர் கண்ணுல படக் கூடாதுன்னு தானே கூடையில போட்டா. வாசல்ல உப்பு தூவினா, சாவு வீட்டிலேர்ந்து வந்தா தூவற மாதிரி. ஐயாவோட துக்கம் ஊர்வாயில விழக் கூடாதுன்னு திருட்டுப் பட்டத்த வாங்கிக்கிட்டா."

"அப்ப வில்லை?" ஹெய்சுகேவால் பொறுக்க முடியவில்லை.

"பொண்டாட்டிக்கு உடுத்தி விடற புருஷன் கச்சை வில்லைய எங்கங்க கோப்பான்?"

மினெகோ கூடையிலிருந்து விரிப்பை எடுத்து மெல்லப் பிரித்தாள். உள்ளே பருத்தி அங்கி. உயிரோடிருப்பவர்களுக்கு இடது மடிப்பு மேலே வரும். இதில் வலது மடிப்பு மேலே இருந்தது. கசங்கிய கச்சையின் நடுவில், இன்னும் அவிழாத முடிச்சுக்கு மேல், வெள்ளி வில்லை.

கனாயே தோமியேவின் பக்கம் திரும்பி, நெற்றி பாயில் பட வணங்கினாள். "பதினோரு வருஷம் பார்த்துமே எனக்கு உன்னத் தெரியலடி. அந்தப் பைய உள்ள கொண்டு போ. இல்ல, நானே கொண்டு போறேன்."

"ஐயோ எந்திரிங்கம்மா, என்ன இது!" தோமியே அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதுதான் முதன்முறையாக அழுதாள்.

கீழே வளைவில் பேருந்து ஒலி எழுப்பியது. காத்திருந்தது. பிறகு போய்விட்டது.

ஹனாவா வில்லையைத் தொடவில்லை. கசங்கிக் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோமியேவிடம் தலை தாழ்த்தி, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்க பார்த்தப்போ எப்படிம்மா இருந்துச்சு? நான் செஞ்சது."

தோமியே முதலாளியம்மாவைப் பார்த்தாள். சொல்லு என்று கனாயே தலையசைத்தாள்.

"ஒரு நொடிதாங்க பார்த்தேன். அங்கியோட ரெண்டு கையும் நெஞ்சு மேல சேத்து மடிச்சிருந்துச்சு. கழுத்துப் பட்டையில ஒரு சுருக்கம் இல்ல. எங்கம்மா செத்தப்போ நான்தான் கட்டி விட்டேன், கை நடுங்கிக் கோணலாப் போச்சு. நீங்க நல்லா செஞ்சிருந்தீங்க ஐயா."

ஹனாவா குனிந்து, கசங்கிய கழுத்துப் பட்டையை விரலால் நீவி விட்டார்.

"கோணலா இருந்தா அவளுக்குப் பிடிக்காது" என்றார்.