வான்கோழிக்கு ஒரு குளியல்

அல்சீட் மாமாவுக்கு இடது புருவம் இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது. மீதியைப் போன வருடம் எண்ணெய் அண்டாவில் தீப்பிடித்த வான்கோழி கொண்டுபோய்விட்டது. கூடவே எங்கள் கார் கொட்டகையின் கூரையையும்.

அதனால் வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் இந்த நன்றித் திருநாள் காலையில் அம்மா அவரை வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணா, இதுதான் கடைசி வாய்ப்பு. இன்னிக்கு ஏதாவது ஆச்சு, அடுத்த வருஷத்துலேர்ந்து அண்டா இவர் கைக்குப் போயிடும்!"

அப்பா ஓரமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டார். மாமாவுக்கு முகம் வாடிப்போனது. எங்கள் லூசியானாவில் ஒருவரின் படகைக்கூடப் பிடுங்கலாம், வான்கோழி பொரிக்கும் அண்டாவைப் பிடுங்கக் கூடாது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மாமா இந்த முறை கொட்டகைப் பக்கமே போகவில்லை. புல்வெளி நடுவில், மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து அடுப்பை வைத்தார். பிறகு கடலை எண்ணெய் டின்னைத் திறந்தார்.

"எவ்வளவு ஊத்துவீங்க மாமா?" என்று கேட்டேன்.

"இதோ, இந்தக் கோடு வரைக்கும்."

"ஐயோ, அது சேற்று இறால் அவிக்கத் தண்ணி ஊத்துற கோடு!"

"அண்டா ஒண்ணுதானே, ஒடீல்? கோடும் ஒண்ணுதான்."

வான்கோழி உள்ளே இறங்கினால் பொங்கி வழியுமே! இறால் தண்ணீர் பொங்கினால் புல்தான் நனையும். இது எண்ணெய், கீழே நெருப்பு வேறு. சத்தமாகச் சொன்னால் அப்பா காதில் விழும். அப்புறம் மாமா அண்டாவை மறந்துவிட வேண்டியதுதான்.

"மாமா, முதல்ல பச்சைத் தண்ணில ஒரு ஒத்திகை பாப்போமா? அடுப்பு பத்த வைக்காம?"

"ஒத்திகையா? பாரு உங்க மாமா கைவண்ணத்த!"

குழாய் பிடித்துக் கோடு வரை நிரப்பினோம். மாமா கொக்கியில் மாட்டிய வான்கோழியைக் கம்பீரமாக இறக்கினார்.

தபதபவென்று தண்ணீர் வழிந்து, நேராக அவருடைய பூட்ஸுக்குள் இறங்கியது.

மாமா குனிந்து பூட்ஸைப் பார்த்தார். "ஒடீல்... இது எண்ணெயா இருந்திருந்தா?"

"மிச்சப் புருவமும் போயிருக்கும் மாமா."

வான்கோழி முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு, மீதியை மொண்டு ஊற்றினோம். பறவையை வெளியே எடுத்தபின் தண்ணீர் நின்ற இடத்தில் நான் ஆணியால் புதுக் கோடு கீறினேன். அது பழைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது!

வான்கோழியின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். விரல் விறைத்துப்போனது. "மாமா, உள்ள ஐஸ் கட்டி!"

"ஐஸ் கரையட்டும்னு மூணு நாள் ஃப்ரிட்ஜுல வச்சேனே! ஐஸோட எண்ணெயில போட்டா வெடிச்சுல்ல தெறிக்கும்!"

அந்த நேரம் பார்த்து அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், மணி பன்னெண்டு! இன்னும் அடுப்பே எரியல?"

மாமாவின் கை தீப்பெட்டியை நோக்கிப் போனது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மாமா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பசிச்சா சோள ரொட்டி இருக்கு மாப்ள. என் வான்கோழி இன்னும் குளிச்சு முடிக்கல."

ஐஸ் முழுவதும் கரையும்வரை குழாயடியில் பிடித்திருந்தோம். பிறகு அண்டாவை ஈரமில்லாமல் துடைத்தோம். வான்கோழியைத் துவட்டத்தான் துணி போதவில்லை. மாமா வீட்டுக்குள் போய்ப் பூவேலை செய்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, கைக்குழந்தையைப் போல உள்ளும் புறமும் துவட்டினார்.

புதுக் கோடு வரை எண்ணெய் ஊற்றிக் காய வைத்தார். என்னைத் தூரமாக நிற்கச் சொன்னார். கையுறை போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வான்கோழியை அங்குலம் அங்குலமாக இறக்கினார். எண்ணெய் சலசலத்தது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை! பிறகுதான் அடுப்பை மறுபடி பற்றவைத்தார். முக்கால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, பாத்ரூமுக்குக்கூட.

சாப்பாட்டு மேசையில் தோல் மொறுமொறுவென்று நொறுங்கியது. அப்பாவே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அம்மா எழுந்து வந்து மாமாவின் இரண்டு புருவங்களையும் தடவிப் பார்த்தாள். "அப்படியே இருக்கு! அடுத்த வருஷமும் அண்டா உனக்குத்தான் அண்ணா."

"எனக்கு மட்டும் இல்ல. எனக்கும் ஒடீலுக்கும்," என்றார் மாமா. "கோடு போட்டது அவதான்."

நான் என் நாற்காலியை மாமா பக்கத்தில் நகர்த்திக்கொண்டேன்.

"அது சரி," என்றாள் அம்மா, "விருந்தாளிக்குன்னு வச்சிருந்த என் பூவேலைத் துண்டு எங்க?"

மாமாவும் நானும் ஆளுக்கொரு வான்கோழிக் காலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டோம். வாய் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்று அம்மாதானே சொல்லியிருக்கிறாள்!