மாதிரிச் சோறு

காலை ஆறரை மணிக்கு லாரி டிரைவரின் கட்டிலுக்குப் பாலோடு போன ஆயா, டம்ளரை அப்படியே சமையலறை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"உடம்பு சில்லிட்டுப் போச்சு," என்றாள்.

எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டில் பலர் வாந்தியெடுத்தார்கள். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். கால் உடைந்து வந்த டிரைவர் வயிற்றால் போய்ச் சேர்ந்தார்.

பாத்திரம் தேய்ப்பவள் இதைத் தொட்டியருகே நின்று கேட்டாள். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. காது மட்டும் தண்ணீர் புகுந்தாற்போல் அடைத்திருந்தது.

நேற்று பரிமாற ஆள் வரவில்லை. சமையல்காரரான அவள் அண்ணன்தான் கரண்டியை அவள் கையில் கொடுத்தார். உணவைத் தொடுகிறவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போய், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு வகுப்பு வரும் திங்கட்கிழமைதான். அதுவரை பாத்திரத்தோடு சரி.

"சான்றிதழ் இல்லாதவ கரண்டியப் பிடிச்சா இப்படித்தான்," என்றார் வாசலில் வந்து நின்ற ஆஸ்பத்திரி மேலாளர். "கேஸ் உன் மேலதான் வரும். இனிமே எந்தச் சமையலறையும் உன்னைச் சேர்க்காது."

அண்ணன் துண்டால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நோயாளிகளுக்கு அன்று பால் மட்டும் காய்ச்சினார்கள், உலை வைக்கவில்லை. கடையிலிருந்து ரொட்டி வந்தது. எட்டு மணிக்கு அவள் தொட்டியில் கிடந்ததைத் தேய்த்தாள். பால் காய்ச்சிய பாத்திரங்கள். அடியில் சோறு பிடித்த ஒரு சின்னச் சட்டி. கை தன்பாட்டுக்குத் தேய்த்தது.

சரக்கறைக்காரர் விரலை உதறிக்கொண்டே வந்தார். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்குவதால் அவருக்குச் சாவி என்றே பெயர்.

"பால் பாத்திரம் சுட்டுடுச்சு. ஒரு ஐஸ் கட்டி வெக்கலாம்னா தட்டு எல்லாம் காலி. நேத்துதான் நெறச்சு வெச்சேன். இந்த ஆஸ்பத்திரில பேய்தான் ஐஸ் தின்னுது."

"குழாயில காட்டுங்க சாவிண்ணே," என்றாள்.

ஒன்பது மணிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு போலீஸ்காரரோடு வந்தார். வகுப்பு எடுப்பவரும் அந்த அம்மாள்தான். தூக்கம் கெட்ட கண்கள். ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"இன்னிக்குக் காலைல சமையலறைக்குள்ள வந்தது யாரு?"

"நான், தங்கச்சி, நம்ம சாவி, மூணு பேருதான் மேடம்," என்றார் அண்ணன்.

ஒவ்வொரு வேளையும் சமைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது அங்கே வழக்கம். ஏதாவது நேர்ந்தால் பரிசோதனைக்கு அதுதான் மாதிரி.

"நேத்து மத்தியானத்து டப்பா இதுதான் மேடம். எறக்கின உடனே எடுத்தது. அனுப்பிப் பாருங்க. என் அடுப்புல தப்பு இருக்காது."

"அப்ப தப்பு பரிமாறின கையில," என்றார் அலுவலர்.

அண்ணன் டப்பாவை அலுவலர் பக்கம் நகர்த்தினார்.

அலுவலர் கையுறை மாட்டிக்கொண்டு குளிர்பெட்டியைத் திறந்தார். காலியாகக் கிடந்த ஐஸ் தட்டுகளைப் பார்த்துவிட்டு, முந்தாநாள் இரவு டப்பாவிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் அழுத்தினார். அரிசிக் குருணை மாதிரி உடைந்தது. நேற்று மத்தியானத்து டப்பாவிலிருந்து ஒன்றை அழுத்தினார். பசையாகத் தேய்ந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. வெப்பமானியைச் சோற்றின் நடுவில் குத்தினார், நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"மூணு பேருக்கும் ஒரே கேள்வி," என்றார். "கொதிக்கக் கொதிக்கச் சோறு இருக்கு. டப்பாவில போட்டு உள்ள வைக்கணும். எப்படி வைப்பீங்க?"

"போட்டு மூடி வெப்பேன். இதுல என்ன பெரிய வித்தை?" என்றார் சாவி.

"நானும் அப்படித்தான் மேடம்," என்றாள் அவள்.

அண்ணன் முகத்தில் லேசான பெருமை வந்தது. "தப்பு. ஐஸ் தண்ணில டப்பாவ வெச்சு, சீக்கிரம் ஆறவிட்டு, அப்புறம்தான் மூடணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"ஆமா. வகுப்புல நீங்கதான் முதல் ஆளா கையத் தூக்கினீங்க." அலுவலர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காலைல என்ன கழுவினே?"

"பால் பாத்திரம். ஒரு சின்னச் சட்டி."

"சட்டியில என்ன இருந்துது?"

"சோறு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உலை வைக்காத காலையில் சோறு.

"முந்தாநாள் ராத்திரி சோறு வடிச்ச பெரிய அண்டாவ எப்ப கழுவினே?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் அவளையே பார்த்தார். நாக்கு யாருடையதோ போல் அசைந்தது.

"ராத்திரி கழுவப் போடல மேடம். நேத்து மத்தியானம்தான் வந்துது."

அலுவலர் கையுறையைக் கழற்றினார்.

"மிஞ்சின சோறு ராத்திரி முழுக்க அண்டாவிலயே கெடந்துது. மறுநாள் அதையே சூடு பண்ணிப் புதுச் சோத்தோட கலந்தீங்க. அதுல ஊறின விஷம் சூட்டுக்குச் சாகாது. இதையும் வகுப்புல சொன்னேன்."

"வீணாப் போகுதேன்னுதான்..." என்றார் அண்ணன்.

"ஆள் செத்ததும் பயம் வந்துது. சட்டியில புதுசா வடிச்சு, பழைய மாதிரியக் கொட்டிட்டு இத வெச்சீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேட்டிருக்கேன். நீங்க சோத்தையே சோத்துல மறைச்சீங்க. ஆனா ஒரு ராத்திரி குளிர்ல இருந்த சோறு வெறைச்சுப் போயிருக்கும். இது இன்னும் இளகலா இருக்கு."

"நான்தான் வெச்சேன்னு எப்படிச் சொல்றீங்க?" அவர் குரல் தேய்ந்திருந்தது.

"மாதிரி சுத்தமா இருந்தா பழி பரிமாறினவ மேல. அவளே அத மாத்துவாளா? சாவி வெச்சிருந்தா மூடியில ஆவி முத்து முத்தா நின்னிருக்கும், நடுவுல இன்னும் சுட்டிருக்கும். ஐஸ் தட்டு காலியாகற அளவுக்கு முறையா ஆறவெச்ச கை இந்த அறையில ஒண்ணுதான். தப்பு செய்யும்போதும் நான் சொன்னத மறக்கல நீங்க."

அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை.

போலீஸ்காரர் தோளைத் தொட்டதும் அண்ணன் தலைத்துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். தங்கையின் அருகே வந்து நின்றார்.

"ஏன் சொன்னே?"

"கேட்டாங்கண்ணே."

அவர் தலையசைத்துவிட்டு வெளியே நடந்தார். சாவி தன் கொத்தைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் வழிவிட்டார்.

"திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துடு," என்றார் அலுவலர்.

"அண்ணன்தான் என் பேரைக் குடுத்தாரு மேடம். இப்பவும் வரலாமா?"

"வரலாம்."

பதினொரு மணிக்குச் சமையலறைத் தொலைபேசி அடித்தது. வீட்டிலிருந்து அண்ணி. சாப்பாட்டுக்கூடை எடுத்துப்போகிற ஆள் வாசலில் காத்திருக்கிறான் என்றாள்.

"ரெண்டு பேருக்கும் கட்டிட்டேன். குடுத்துவிடவா?"

"ஒருத்தருக்குப் போதும் அண்ணி."

"ஏண்டி," என்று சிரித்தாள் அண்ணி, "உனக்கு வேண்டாமா?"