இரண்டு விரல் இடைவெளி

குளிரவில்லை. அதுதான் சிலுவைராஜை எழுப்பியது.

மன்னவனூரில், தை மாதத்து ராத்திரியில், உருளைக்கிழங்குக் காட்டோரம் நிறுத்திய லாரிக்குள் படுத்திருப்பவனுக்குக் குளிரவில்லை என்றால் எங்கேயோ என்னமோ கோளாறு. படுக்கும்போது பல் தந்தியடித்தது. விட்ட மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. போர்த்திய கம்பளி ஆட்டு வாடையைத் தவிர வேறெதையும் தரவில்லை. இப்போதோ உள்ளங்கால் வரைக்கும் இதமாக இருந்தது. கண்ணைத் திறக்காமலே காலை அசைத்துப் பார்த்தான். கம்பளியின் ஓரம் இரண்டு பாதங்களுக்கும் அடியில் மடித்துச் செருகியிருந்தது. அவன் அப்படிச் செருகிக்கொள்கிற ஆளே இல்லை. காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவதற்காக, கல்யாணமான நாளிலிருந்து அமலியிடம் வசவு வாங்குகிறவன்.

பிறகு கதவுக் கண்ணாடியைப் பார்த்தான். மூடியிருந்தது. பகீரென்றது.

லாரிக்காரன் உடம்புக்கு ஊருக்கு ஒரு வைத்தியம் உண்டு. சித்திரை வெயிலில் பழனி அடிவாரத்தில் வண்டியைப் போட்டால், கேபின் கூரைமேல் சாக்கை நனைத்து விரித்து, அது காயக் காயத் தண்ணீர் ஊற்றி, அந்த ஈரத்தின் தயவில் ஒரு மணி நேரம் கண்ணசருவான். மலையில் தை மாதம் என்றால் கணப்புச் சட்டி. வாட்டில் மரத்துக் கரியை வெளியிலேயே கனியவிட்டு, புகை அடங்கியதும் சட்டியைத் தூக்கி, மண் பரப்பிய தகரத் தட்டின்மேல் கேபினுக்குள் வைத்துக்கொள்வான். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. உள்ளே தீ இருந்தால் கண்ணாடி இரண்டு விரல் கனத்துக்குத் திறந்திருக்க வேண்டும். கரியின் விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சுகமாகத் தூங்கவைத்து அப்படியே கொண்டுபோய்விடும். சிலுவைராஜ் தன் விரல்கள் இரண்டையும் சந்தில் விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

அவன் படுத்திருந்தது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் போட்டிருந்த பலகையில். தலைமாட்டிலேயே கண்ணாடியின் கைப்பிடி. எட்டிச் சுற்றினான். கண்ணாடி முனகிக்கொண்டு இறங்கியது. பனி ஊசி ஊசியாகக் காதுக்குள் நுழைந்தது. அப்பாடா என்றிருந்தது.

"அண்ணே," என்றான் இருட்டைப் பார்த்து. "கண்ணாடிய மூடுனீங்களா?"

"இல்ல தம்பி." பதில் உடனே வந்தது. "தெறந்து வச்சிட்டுப் படு."

தூங்கி எழுந்தவன் குரலில் ஒரு கரகரப்பு இருக்கும், ஒரு சலிப்பு இருக்கும். சேனாதிபதியின் குரலில் இரண்டும் இல்லை. எதிர்ப்பக்கத்துச் சீட்டில், கதவில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நாள் முழுக்க அவனோடு முறை மாற்றி மலைப் பாதையில் ஸ்டியரிங்கை ஒடித்த மனுஷன், வண்டியின் மாற்று டிரைவர், ஐம்பதை நெருங்குகிற வயது. அவர் ஏன் படுக்கவில்லை?

சாயங்காலம் பூம்பாறையில் டீக்கடை குஞ்சம்மாள் சொன்னது அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. சேனாதிபதி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சமயம் பார்த்து, டம்ளரை நீட்டுகிற சாக்கில் குனிந்து கேட்டாள்.

"இந்த வண்டிலயாப்பா போற? அந்த ஆளுகூடயா?"

"ஆமாக்கா. இந்த வாரந்தான் ஏறுனேன். ஏன் கேக்குறீங்க?"

"போன தையில இதே வண்டி, இதே மன்னவனூரு. அடைக்கலம்னு ஒரு டிரைவரு. காலைல லோடு ஏத்துற ஆளுக போய்ப் பாத்தா உள்ள செத்துக் கெடக்கான். கண்ணாடியெல்லாம் இறுக்க மூடிக் கெடக்கு, சந்துல சாக்கு அடைச்சிருக்கு. இந்த ஆளு வெளிய ரோட்டோரமா உக்காந்திருக்காரு. உறைபனியில ஒருத்தன் ராத்திரி பூரா வெளிய உக்காருவானாப்பா?" டம்ளரை வாங்கிக் கழுவினாள். "போலீசு புகையின்னு எழுதிக்கிட்டுப் போயிருச்சு. நீ கண்ணாடிய மட்டும் பாத்துக்க."

அப்போது சிரித்துவிட்டான். ஊர் வாய்க்கு ஒரு சாவு கிடைத்தால் போதும், ஒரு வருஷம் மெல்லும். ஆனால் மன்னவனூர் வந்து சேர்ந்து, பாதி மூட்டை ஏறியதும் இருட்டிவிட்டது. மிச்சத்தைக் காலையில் வெள்ளனே ஏற்றிவிடலாம் என்று ஆட்கள் போய்விட்டார்கள். காட்டுப்பன்றி மூட்டையைக் கிழிக்காமலிருக்க வண்டியிலேயே படுக்க வேண்டியதாயிற்று. ஒரு கேபின், ஒரு கணப்புச் சட்டி, இந்த ஆள். இப்போது சிரிப்பு வரவில்லை.

சாக அவனுக்கு நேரமில்லை. அமலிக்கு எட்டாவது மாதம். முதல் இரண்டும் வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் வத்தலக்குண்டு வந்துவிடுவேன் என்று அவள் வயிற்றில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அப்பன் வேண்டும். அவ்வளவுதான், வேறெதுவும் அவனுக்கு வேண்டாம்.

தூங்கக் கூடாது என்று முடிவு கட்டினான். கண்ணை மூடித் தூங்குகிறவன் மாதிரி சீராக மூச்சு விட்டுக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தான். குளிரில் தகரம் சுருங்கி டிக் டிக்கென்று சொடுக்கியது. பின்னால் மூட்டைக்குள் ஏதோ ஒரு கிழங்கு நழுவி இன்னொன்றின்மேல் விழுந்தது. தூரத்தில் ஆட்டுப் பண்ணைப் பக்கம் ஒரு நாய் இரண்டு தரம் குரைத்து, அப்புறம் யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றது. கணப்பு கரகரத்தது. மண் வாடையும் கரி வாடையும் டீசல் வாடையும் கலந்து ஒரு வெதுவெதுப்பாக மூக்கில் ஏற, சீட்டு ஸ்பிரிங் ஒருமுறை மெல்லக் கிரீச்சிட, யார் அசைந்தது என்று யோசிக்கும்போதே யோசனை அறுந்துபோயிற்று.

மறுபடி முழித்தபோது தலை விண்விண்ணென்று தெறித்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. எவ்வளவு நேரம் தூங்கினானோ, சே, எவ்வளவு நேரம்! கம்பளி கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தது. தலைக்கடியில் சுருட்டி வைத்த துண்டு, அவன் வைத்ததில்லை. கழற்றாமலே படுத்த செருப்பு இரண்டும் காலில் இல்லை. எட்டிப் பார்த்தான். கணப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக, சூடேறட்டும் என்று வைத்தமாதிரி இருந்தன.

கண்ணாடி மூடியிருந்தது. கதவுச் சந்து நெடுக சாக்குத் துணி, விரலால் அழுத்தி அழுத்தி அடைத்திருந்தது.

அவன்மேல் ஒரு நிழல் குனிந்திருந்தது.

சேனாதிபதி. ஒரு முழங்கால் இஞ்சின் மூடிமேல். ஒரு கை பலகையில். இன்னொரு கை அவன் முகத்தைத் தாண்டிக் கண்ணாடிக் கைப்பிடிக்கு நீண்டிருந்தது.

சிலுவைராஜ் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். ஐஸ் மாதிரி இருந்தது. இந்தச் சூட்டுக்குள் ஒரு மனுஷன் கை இப்படியா சில்லிட்டிருக்கும்?

"கையும் களவுமாப் பிடிச்சிட்டேன்ல!"

"ஏலே, விடு. தெறக்கத்தான் வந்தேன்."

"மூட வந்தீங்க! அடைக்கலத்த மூடுன மாதிரி!"

அந்தப் பெயரைக் கேட்டதும் சேனாதிபதியின் கை தளர்ந்தது. அது போதும். சிலுவைராஜ் எழுந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். இஞ்சின் மூடிமேல் உருண்டு எதிர்க்கதவில் மோதினார். கொண்டியைத் தட்டிவிட்டு, தோளால் முட்டி வெளியே தள்ளினான். தடாலென்று விழுந்த சத்தம். உறைந்த புல் நொறுங்கிய சத்தம். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அவருடைய கம்பளியைச் சுருட்டி அவர்மேலேயே எறிந்தான். கதவைச் சாத்திக் கொண்டி போட்டான். இந்தப் பக்கமும் கொண்டி போட்டான். சாக்கைப் பிடுங்கிக் காலடியில் எறிந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான். இரண்டு விரல். அளந்து பார்த்தான். சரியாக இரண்டு விரல்.

சேசுவே, தப்பித்தேன் என்று வாய்விட்டே சொன்னான். பலகையில் ஏறி உட்கார்ந்து வெளிக்காற்றை ஆசையோடு இழுத்தான். இனி உள்ளே அவனைத் தவிர ஆளில்லை. விடிகிற வரைக்கும் கண்ணாடி திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அமலி வாசலில் நிற்பாள்.

காலடிச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது. கண்ணாடிக்கு வெளியே நிலா வெளிச்சத்தில் சேனாதிபதியின் முகம். மீசையில் பனி பூத்திருந்தது. சந்தில் வாயை வைத்துப் பேசினார்.

"தம்பி, தூங்கிராத. கும்பிட்டுக் கேக்கேன், தூங்கிராத."

"பேசாமப் போயிருங்க. காலைல ஆளுக வரட்டும்."

"அடைக்கலமும் இப்படித்தான் என்னயத் தள்ளிக் கொண்டி போட்டான். நாந்தான் மூடுறேன்னு நெனச்சுட்டான்." மூச்சு வாங்கியது. "நான் தெறந்துட்டே இருந்தேன்லே. இன்னைக்கும் மூணு தடவ தெறந்துட்டேன். செத்த கண்ணசந்தா மூடிக்கிடுது. சாக்க எடுத்துப் போட்டா அடைச்சுக்கிடுது. என் கையத் தொட்டியே, நீ தூங்குனப்பறம் அந்தச் சந்துலதான் வச்சிருந்தேன், மூட விடாம."

பொய். இல்லாவிட்டால் வேறென்ன? ஆனால் அந்தக் கை. அந்தச் சில்லிப்பு.

"பின்ன எதுக்கு இதே வண்டிக்கு வந்தீங்க? சோலி வேற கெடைக்கலியா?"

"வண்டிய ஓட்ட எவனாச்சும் வரத்தான போறான். கூட ஒரு ஆளு முழிச்சுக் கெடக்கணும்லப்பா."

இதைச் சொன்னபோது சேனாதிபதியின் குரல் உடைந்தது. நடிக்கிறவன் குரல் அப்படி உடையாது. சிலுவைராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. அட பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"முன்னமே சொல்லியிருக்கலாம்லண்ணே..."

"சொன்னா நம்பியிருப்பியா? கதவத் தெற. வெரசாத் தெற தம்பி."

திறக்கத்தான் திரும்பினான். அப்போது காதுக்குப் பக்கத்தில் அந்த முனகல் கேட்டது.

கண்ணாடிக் கைப்பிடி சுற்றியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாதே என்கிற கரிசனத்தோடு.

கண்ணாடி ஏறியது. சேனாதிபதி விரல்களைச் சந்தில் நுழைத்துப் பிடித்தார். கண்ணாடி நிற்கவில்லை. விரல்களை நசுக்கியது. அலறிக்கொண்டு பிடுங்கினார். அலறல் பாதியில் நின்றது. கண்ணாடி மூடிவிட்டது. வெளியே வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

கொண்டி. கொண்டியை எடு.

கையைத் தூக்கினான். தூக்கியதாகத்தான் நினைத்தான். கை மடியிலேயே கிடந்தது. யாருடைய கையோ மாதிரி.

கம்பளி காலிலிருந்து மேலே வந்தது. முழங்கால். இடுப்பு. நெஞ்சு. கழுத்தில் வந்து நின்றது. யாரோ தோளைப் பிடித்து மெல்லப் படுக்கவைத்தார்கள். வலது பாதத்துக்கு அடியில் ஓரத்தை மடித்துச் செருகினார்கள். பிறகு இடது பாதம்.

வெளியே சேனாதிபதி கண்ணாடியைக் குத்தினார். தொம். தொம். எங்கோ பக்கத்து ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது. ஜாக்கி கம்பி உள்ளே, சீட்டுக்கடியில். வெளியே உழுத காடு. கல் தேடி ஓடினார். உறைந்த புல் நொறுங்கிக்கொண்டே தூரம் போயிற்று. அப்புறம் கேட்கவில்லை.

இதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு இதம் அவனுக்கு யாரும் செய்ததில்லை.

அமலி, என்றான். உதடு அசையவில்லை.

சாக்குத் துணி தரையிலிருந்து எழுந்தது. சந்தில் நுழைந்தது. அழுத்தி. அழுத்தி. கண்ணாடி நெடுக ஆவி படிந்து கடைசி நிலா வெளிச்சமும் போயிற்று.

இருட்டு.

கணப்பு சிவந்தது. மங்கியது.

சிவந்தது. மங்கியது.

யாரோ ஊதிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி சிவந்தபோது முகம் தெரிந்தது. உப்பிய கன்னம். குவிந்த உதடு. சட்டிமேல் கவிழ்ந்து, நிதானமாக ஊதியது. அவனையே பார்த்துக்கொண்டு ஊதியது. சாம்பல் பறந்து எழுந்து, விரியத் திறந்திருந்த அந்தக் கண்களுக்குள்ளேயே போய் விழுந்து படிந்தது. கண் சிமிட்டவில்லை.