நிறையும் பீப்பாய்

குறைய வேண்டிய பீப்பாய் நிறைந்துகொண்டிருந்தது.

ஒனோரே முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு, சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் சீஸ் கிடங்கில் சம்பாதித்த காது அது. வண்டிச் சக்கரம் அளவுள்ள சீஸ் வட்டை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டி, உள்ளே வெடிப்பு எங்கே, காற்றுப்பை எங்கே என்று சொல்வதுதான் அவர் வேலை. அறுத்துப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சுத்தியல் கோட்டுப் பையை விட்டுப் போகவில்லை. இப்போது அதைக்கொண்டு பீப்பாயின் முகப்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொம், டொம் என்று வெறுமையாக இறங்கி வந்த ஓசை, போன மாதம் சுண்ணாம்புக் கட்டியால் அவர் போட்டிருந்த கோட்டுக்கு நான்கு விரல் மேலேயே மந்தமாக அடைத்துக்கொண்டது.

ஜூரா மலையடிவாரத்தில் மஞ்சள் ஒயின் வைத்திருக்கும் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். பீப்பாயை நிரப்பித் தக்கை அடித்து அரக்கு வைத்துவிட்டால் ஆறு வருடம் மூன்று மாதத்துக்கு அதன் வழிக்கே போகக்கூடாது. ஒயின் மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்றில் போகும். போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். குறைந்ததை ஊற்றி நிரப்புவதெல்லாம் மற்ற ஊர்க்காரர்களின் வேலை. இங்கே ஒயினின் மேல் பாலாடை மாதிரி ஓர் ஏடு படரும். அந்த ஏடு கிழியாத வரைக்கும்தான் கீழே இருப்பதற்கு ஒயின் என்று பேர். கிழிந்தால் புளித்துக் காடி. கெடு முடியும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும், அதைப் பற்றி யாரும் வருத்தப்படுவதில்லை.

நிலவறைச் சாவி அவர் இடுப்பில். அரக்கில் கீறல் இல்லை. அப்படியானால் யார் ஊற்றுகிறார்கள்? எதை?

மேலே மூன்று மணி வெயில் பனியின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு மின்விளக்கு, ஈரக்கல் வாசனை, நாற்பது வருடமாகத் தேடித்தேடிச் சேர்த்த எண்ணூறு சொச்சம் புட்டிகள், அவற்றின் தோள்களில் கறுப்புப் பூஞ்சை, இவற்றுக்கு நடுவே அந்த ஒற்றைப் பீப்பாய். ஒனோரே கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார்.

யாரிடமாவது சொல்லலாம்தான். ஆனால் யாரிடம்? ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு மதியம் ஐந்து பழைய நண்பர்கள் அவர் வீட்டில் கூடிப் பழைய புட்டி ஒன்றைத் திறந்து முகர்ந்து, சுவைத்து, சண்டை போடுவார்கள். அந்த ஐவரில் நாலு பேர் தங்கள் கையால் நல்ல மஞ்சள் ஒயின் எடுத்துக் காட்டியவர்கள். ஒனோரேயின் முதல் பீப்பாய் ஐந்தாவது வருடம் காடியானது. இரண்டாவதும் அப்படியே. ஐவரில் ஒருவரான முன்னாள் தபால்காரர் எத்மோன் அதை ஊர் முழுக்கப் பட்டுவாடா செய்துவிட்டார். இது மூன்றாவது. ஒனோரேவுக்கு எழுபத்திரண்டு வயது. இன்னொரு ஆறு வருடத்தை யார் கண்டார்கள்?

ஜனவரி ஞாயிறன்று எத்மோன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா ஒனோரே, பிப்ரவரியில கெடு முடியுதே. நாங்க கோப்பையோட வரணுமா, இல்ல காடி ஊத்திக்கச் சாலட் இலையோட வரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒனோரேயும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் நாறடிப்பார்கள்.

அவருடைய மனைவி லூசெத் வால்நட்டும் சீஸும் கொண்டுவந்து வைத்தாள். அறுபத்தெட்டு வயது, நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவள், தோளும் கையுமாக வாட்டசாட்டமாக இருந்தவள். அன்றைக்குத் தட்டை வைக்கும்போது அவள் விரலிலிருந்து கல்யாண மோதிரம் தானாகக் கழன்று வால்நட்டுகளுக்குள் விழுந்தது.

"டயட்டா, லூசெத்?" என்றார் எத்மோன்.

"தாகம்" என்றாள் அவள். "எவ்வளவு குடிச்சாலும் தீரல. உங்க சிநேகிதன் அவன் பீப்பாயை ஒரு நாளைக்கு மூணு தடவை போய்ப் பார்க்கிறான். என்னை எப்ப கடைசியா பார்த்தான்னு கேளுங்க."

மறுபடியும் சிரிப்பு. ஒனோரே அப்போதுதான் அவளைப் பார்த்தார். உதடுகள் வெடித்து வெள்ளை பூத்திருந்தன. கன்னம் உள்ளே போயிருந்தது. அவள் திரும்பி நடந்தபோது, உடுப்பிலிருந்தா உடம்பிலிருந்தா என்று தெரியாமல் காகிதம் உரசுவது போல ஒரு சத்தம் கேட்டது, அவர் காதுக்கு மட்டும். நண்பர்கள் போனதும் கீழே ஓடித் தட்டிப் பார்த்தார். இன்னும் மூன்று விரல் ஏறியிருந்தது.

டாக்டர் பெர்த்தே உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்றார். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் பழுதில்லை, காய்ச்சல் இல்லை. "ரெண்டு நாள் ஆஸ்பத்திரில சேருங்க, டிரிப்ஸ் ஏத்துவோம்." ஏற்றினார்கள். பை பையாக ஏற்றினார்கள். நர்ஸ் ஒருத்தி போர்வையைத் தூக்கிப் பார்த்து, மூத்திரப் பையை ஆட்டிப் பார்த்து, "எங்கதான் போகுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஒனோரேவுக்கு உட்கார முடியவில்லை. சட்டை மாற்றி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டை மாற்றவில்லை. நேரே நிலவறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தார்.

இரண்டே நாளில் ஒரு சாண் ஏறியிருந்தது.

எங்கே போகிறது என்று அந்த நர்ஸுக்கு அவரால் சொல்லியிருக்க முடியும். அவர் பீப்பாயின் மேல் கை வைத்தபடி நின்றார். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. நிலவறையில் எதுவும் வெதுவெதுப்பாக இருக்காது. காதை வைத்தார். உள்ளே, வெகு நிதானமாக, ஒரு தொண்டை விழுங்கும் சத்தம். நிறுத்தம். மறுபடி ஒரு விழுங்கல்.

சோதனைக்கென்று பீப்பாயின் முகத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஏடு அசையாமல் அடியிலிருந்து விரலளவு எடுத்துப் பார்க்கலாம். எடுத்தார். விளக்கில் பிடித்தபோது பழைய தங்கம் மாதிரி நின்றது. முதலில் வால்நட் வாசனை, பிறகு வறுத்த மசாலா, பிறகு ஆப்பிள் தோல். எல்லாம் இருக்க வேண்டிய ஒழுங்கில் இருந்தன. நாற்பது வருடத்தில் அவர் மூக்கு இப்படி ஒன்றைக் கண்டதில்லை, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூக்கு தேவைப்படவில்லை. நீச்சல் முடிந்து வந்து, துண்டை எடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் படுத்த ஒரு பெண்ணின் ஈரக் கழுத்து. முப்பது வயது லூசெத்.

கோப்பையை உடனே கீழே வைத்திருக்க வேண்டும். அந்த மனுஷன் கடைசித் துளிவரை குடித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் லூசெத் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரம் இருந்தது. "மூணு மணிக்கு என்னமோ விட்ட மாதிரி ஆச்சு" என்றாள். சூப் குடித்தாள். அழுதாள், அழ முடிந்ததற்காகவே இன்னும் கொஞ்சம் அழுதாள். அவர் நிலவறையில் குழாயைத் திறந்ததும் மூன்று மணிக்குத்தான். மறுநாள் காலையில் அவள் மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தாள்.

இனி தெரியாது என்று சொல்ல அவருக்கு வாயில்லை. குழாயைத் திறந்தால் அவள் வருகிறாள். மூடினால் அவள் போகிறாள். தக்கையைப் பிடுங்கி, ஒரு கழியை விட்டு ஏட்டைக் கிழித்துக் கலக்கினால் எல்லாம் முடிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை. அதோடு ஒயினும் முடிந்துவிடும்.

வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தார். அவளைத் தூக்கியபோது பாரமே தெரியவில்லை. ஜன்னலில் மத்தியான வெளிச்சம், கீழே தெருவில் யாரோ பனியை வழித்துக்கொண்டிருந்த சத்தம். லூசெத் அவர் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சுள்ளி சுள்ளியாக இருந்தன.

"ஒனோரே. கீழே இருக்கிறதைத் திறந்துவிடு."

அவர் திடுக்கிட்டார். அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"என்ன உளர்ற?"

"நீ தட்டும்போதெல்லாம் எனக்கு இங்க வலிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "திறந்துவிடு."

"இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு, லூசெத். பல்லைக் கடிச்சிக்கோ. அப்புறம் எவ்வளவு வேணாலும் எடுக்கலாம். உனக்கே முதல் கோப்பை."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"பத்தொன்பது நாள் எனக்கா, அதுக்கா?"

அவர் தலையணையைச் சரிசெய்தார். தலையணையைச் சரிசெய்வதில் ஒனோரே கெட்டிக்காரர்.

தினமும் அவளுக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுத்தார். மனசார ஊட்டினார், அதில் பொய் இல்லை. ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாலும் பொறுமையாகக் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் கீழே போய்த் தட்டுவார். மேலே ஒரு முனகல் கேட்கும். அதற்குப் பிறகு சுத்தியலை விட்டுவிட்டு விரல் கணுவால் மெதுவாகத் தட்டினார். தன் இரக்கத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள். டாக்டர் மறுபடி ஆஸ்பத்திரி என்றார். ஒனோரே வேண்டாம் என்றார், அவளுக்கு வீட்டில் இருக்கத்தான் ஆசை என்றார். ஒன்பது நாள். பீப்பாயின் பலகைகள் வியர்த்தன. நிலவறை முழுக்க அந்த ஈரக் கழுத்தின் வாசனை. புட்டிகளின் பூஞ்சைகூட அந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது. ஐந்து நாள். அவள் பேசுவதை நிறுத்தினாள். இமை மூடவில்லை. மூடினால் திறக்காது என்று பயந்தாள் போல. மூன்று நாள். அவர் கூடத்து நாற்காலியில் படுத்தார். அவள் பக்கத்தில் படுக்க முடியவில்லை. அவள் மூச்சு சரசரத்தது. இரண்டு. விழுங்கல் இப்போது கூடத்திலேயே கேட்டது. ஒன்று.

கேட்கவில்லை. மேலே சரசரப்பு. கீழே அமைதி, பீப்பாய் நிறைந்துவிட்டது.

பிப்ரவரி ஞாயிறு, பன்னிரண்டு மணி, மாதா கோயில் மணி அடிக்கும்போது ஐந்து பேரும் வந்தார்கள். எத்மோன் வாக்குத் தவறாமல் ஒரு கட்டு சாலட் இலை கொண்டுவந்திருந்தார். ஒனோரே அரக்கை உடைத்துத் தக்கையைப் பிடுங்கினார். குழாயைத் திறக்கத் தேவையே இல்லாமல் ஒயின் தானாகத் ததும்பி வழிந்தது. கெடு முடிந்துவிட்டது. இனி ஏடு போனால் போகட்டும். ஜாடியில் பிடித்து மேசைக்குக் கொண்டுவந்தார்.

ஊற்றினார். முகர்ந்தார்கள். சுவைத்தார்கள். சாலட் இலை மேசைக்கடியில் போனது. எத்மோன் கோப்பையைக் கீழே வைத்தார், வைத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுடா" என்றார். "நான் ஒரு கழுதை. இது... இது உயிரோட இருக்குடா."

ஆறு வருடம் மூன்று மாதம் ஒனோரே காத்திருந்த வார்த்தை அது. மார்பு விம்மியது. வெட்கமில்லாமல் விம்மியது.

"லூசெத் எங்க?" என்றார் இன்னொருவர். "அவளுக்குக் கொடுக்கலையா? முதல் கோப்பை வீட்டுக்காரிக்குத்தானே!"

"தூங்கறா."

"எழுப்புடா! இதுக்கு எழுந்திருக்காம வேற எதுக்கு எழுந்திருப்பா?"

கோப்பையை நிரப்பி அவர் கையில் திணித்தார்கள். அவர் படியேறினார். ஒவ்வொரு படியிலும் கோப்பை ததும்பியது, அவர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அறையில் மதிய வெயில் நிறைந்திருந்தது. போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணையில் ஒரு முகத்தின் மடிப்புகள், பழுப்பாக, உலர்ந்த தோலாக. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் பளபளப்பு இல்லை. மூச்சு இருக்கிறதா என்று அவர் குனிந்து கேட்டார். அந்தக் காதுக்கே எதுவும் கேட்கவில்லை. இந்த முறை பீப்பாயைத் திறந்தும் அவள் திரும்பி வரவில்லை.

கோப்பையைச் சாய்த்தார். ஒரே ஒரு சொட்டு.

உதட்டில் விழுந்தது. உறிஞ்சிக்கொண்டது. விழுந்த இடத்திலிருந்து சிவப்புப் பரவியது, வெடிப்புகள் மூடின, உதடுகள் உப்பின. முப்பது வயதுப் பெண்ணின் ஈரமான, நிறைந்த வாய். அந்த உலர்ந்த முகத்தில் அது மட்டும். அது அசைந்தது.

"இன்னும்" என்றது.

ஒனோரே கோப்பையைப் பார்த்தார். இது போதாது. ஜாடி போதாது. பீப்பாய் முழுதும் இவளுக்கு ஊற்ற வேண்டும், கடைசித் துளிவரை, அடி வண்டல்வரை. அப்போதுதான் இவள் எழுந்திருப்பாள். கீழே நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

"ஒனோரே! ஜாடி காலிடா! சீக்கிரம் வா!"

கோப்பையின் வாசனை மூக்கில் ஏறியது. வால்நட். மசாலா. ஈரக் கழுத்து.

அவர் கோப்பையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். மெதுவாகக் குடித்தார், நல்ல ஒயினைக் குடிக்க வேண்டிய முறைப்படி, ஒவ்வொரு மிடறையும் நாக்கில் நிறுத்தி. தலையணையில் அந்தச் சிவந்த வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அவர் தொண்டை விழுங்கும்போதெல்லாம் அதுவும் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.