கரையாத சேமிப்பு

விதையை நசுக்கியபோது தலைவலித் தைலம் மணத்தது. மரங்கொத்தி மூக்கைச் சுளித்தான். காட்டு விதையில் மனைவியின் நெற்றி வாசனையா? கையில் ஒட்டியிருக்கும் என்று நன்றாகக் கழுவிவிட்டு இன்னொன்றை நசுக்கினான். அதே தைலம்.

மரங்கொத்தி என்பது மனைவி வைத்த பெயர். நாள் முழுக்க மரத்தைத் துளைக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பாள்? காட்டு மரங்கள் பல வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மாவுச்சத்தைத் தண்டுக்குள் பதுக்கும். பிறகு திடீரென ஒரு வருஷம் பைத்தியம் பிடித்த மாதிரி அத்தனையையும் செலவழித்துக் காய்த்துத் தள்ளும். அந்தச் சேமிப்பை அளப்பதுதான் அவன் உத்தியோகம். இந்த வருஷக் காய்ப்போ கண்கொள்ளாத காய்ப்பு. கிளைகள் குனிந்து தரையைப் பெருக்கின; தகரக் கூரையில் விதை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் காதில் விழாது; வாசலில் யானை கால் வைத்திருந்தால் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டிருக்கும்.

"உங்க மரத்துக்கு வந்த யோகத்தப் பாருங்க," என்று படுத்தபடியே சிரித்தாள் மனைவி. "நான்தான் குச்சியாயிட்டேன்."

"குச்சியாகணும்னுதான் ஊரே விடியக்காலைல எந்திரிச்சு ஓடுது. உனக்குப் படுத்தே கிடைக்குது."

மோதிரம் நழுவாமலிருக்க அவள் நூல் சுற்றியிருந்தாள். கட்டிலை விட்டு எழுவதே குறைந்துவிட்டது. அவள் படுத்திருந்த பின்னறையின் தரை விரிசலில், வீட்டை ஒட்டி நின்ற பெரிய மரத்தின் வேர் ஒன்று தலையை நீட்டியிருந்தது. வெட்டிப் போடுங்கள் என்று அவள் சொன்னபோது பதறிவிட்டான்.

"ஐயையோ, வேர வெட்டினா அளவு கெட்டுப்போயிடும்!"

கட்டிலையாவது நகர்த்துங்கள் என்றாள். நாளைக்கு என்றான். அந்த நாளை வரவேயில்லை.

இன்று சாயங்காலம் பெரிய மரத்தில் துளைக்கருவியைத் திருகினான். பென்சில் கனத்தில் ஒரு கட்டைத் துண்டு வந்தது. அதன்மேல் அயோடின் சொட்டினான். மாவுச்சத்து இருந்தால் கறுக்கும். இவ்வளவு காய்த்த மரம் ஓட்டாண்டியாகியிருக்க வேண்டும். துண்டு வெளிறியே கிடக்க வேண்டும்.

கறுத்தது. முனையிலிருந்து முனைவரை, கரித்துண்டாக.

பக்கத்து மரம். கறுப்பு.

அதற்கடுத்தது. கறுப்பு.

ஒரு சிட்டிகை மாவுகூடக் கரையவில்லை. அப்படியானால் இத்தனை விதைக்கும் தீனி போட்டது யார்?

காற்று திரும்பியது. காடு முழுக்கத் தைலம் மணத்தது.

ஓடினான். காலடியில் விதைகள் நொறுங்கின. ஒவ்வொன்றிலும் அவள் நெற்றி. வாசல். கூடம். பின்னறை.

"எந்திரிம்மா. வெளிய போயிடலாம். எந்திரி."

ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் போர்வையின் கால்மாடு அசைந்தது. விலக்கினான்.

குதிகால் எங்கே முடிந்தது, வேர் எங்கே தொடங்கியது, தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று மயிரிழை வேர்கள். கெண்டைக்கால்வரை. தோலுக்கு அடியில்.

அரிவாளை எடுத்தான். ஓங்கினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள்.

"வெட்டாதீங்க," என்றாள், அவனைவிடப் பதறிய குரலில். "அளவு கெட்டுப்போயிடும்."

கூரைமேல் விதைகள் கொட்டத் தொடங்கின. அவள் விரலிலிருந்து மோதிரம் நூலோடு கழன்று, உருண்டு, விரிசலுக்குள் விழுந்தது. கட்டிலுக்கடியில் வேர், தண்ணீர் குடிக்கும் தொண்டையைப் போல, ஒருமுறை ஏறி இறங்கியது.

மறுபடியும்.